கேரியர் வைத்த சைக்கிள்

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இந்த அலைச்சல் அலைந்திருக்க மாட்டார்கள். ஒரு சைக்கிள் வாங்குவதற்கு வெல்டரும் அவர் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டார்கள். புது சைக்கிள் விற்கிற பெரிய கடைக்குள் போய், தொங்கிய விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் வெளியே வந்ததைச் சேர்க்காமலே இத்தனை கடை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட ஆள், உட்கார்வதற்குள் மறுபடியும் எழுந்து திறந்துவிட வேண்டியதாயிற்று. பாவம், அவனுக்குத்தான் சங்கடம்.

சைக்கிள் வேண்டியிருந்தது பட்டறையால். கேட்டும் கிரில்லும் செய்கிற அந்தப் பட்டறை இத்தனை வருஷம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இடம் போதவில்லை என்று முதலாளி அதை ஊருக்கு வெளியே, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடும். அதற்கப்புறம் லாரிகள் மட்டும் போகிற சாலை, நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் மோட்டார் பைக் இருந்தது. வெல்டர் தன் மொபெட்டைப் போன வருஷமே விற்றுவிட்டிருந்தார். கிரைண்டிங் வேலை பார்க்கிறவரின் பைக்கில் கொஞ்ச நாள் தொற்றிக்கொண்டு போனார். அவரும் வீடு மாறி வேறு திசைக்குப் போய்விட்டார். நடந்து போனால் பாதி நாள் நேரம் தப்பியது. ஒன்றாம் தேதியிலிருந்து நேரத்துக்கு வர முடியுமா முடியாதா என்று சொல்லிவிடுங்கள், முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி, இவர் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருபது வருஷம் வேலை பார்த்த மனிதரிடம் இப்படியா பேசுவது என்று கேட்டால், பின்னே எப்படித்தான் பேசுவார்.

அந்த வேலை போனால் வீட்டில் அவள் காஜா எடுக்கிற வேலை ஒன்றுதான் மிச்சம். சட்டைகள் மூட்டையாக வரும். பட்டன் நுழைகிற துளையைப் பிளேடால் கீறி, ஓரத்தை நூலால் நெருக்கமாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜன்னலோரம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாளானால் வெளிச்சம் இருக்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். அதில் வருவது அரிசிக்குச் சரியாய்ப் போகும். மகள் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். இந்த ஒரு வருஷத்தை எப்படியாவது தள்ளிவிட வேண்டும். அதற்குப் பட்டறை வேண்டும், பட்டறைக்குச் சைக்கிள் வேண்டும்.

மொபெட்டை ஏன் விற்றீர்கள் என்று அவள் கேட்டதற்கு, பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை என்றார். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள். சிக்கனம் அவருக்குப் புதிதில்லை, பல்பொடி டப்பாவைத் தட்டித் தட்டியே ஒரு வாரம் ஓட்டுகிறவர்.

அவர் தம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் தரையில் போனதையும், நடு நெற்றி நிலைப்படியில் இடித்துக்கொண்டதையும் அவள் பார்க்கத்தான் செய்தாள். நினைப்பு எங்கேயோ இருக்கிறது மனிதருக்கு, வயசும் ஆகிறது என்று விட்டுவிட்டாள். கண் சிவந்திருந்தாலும் நீர் வடிந்தாலும் வெல்டர் வீட்டில் அது ஒரு சேதியே இல்லை. நெருப்பைப் பார்த்த கண் சாயங்காலமானால் மிளகாய்த்தூள் போட்டது போலத்தான் எரியும். கல்யாணமான புதிதில் பதறிப் போனவள், நாளாவட்டத்தில் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அவர் கண் மேல் வைத்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடப் பழகிவிட்டாள். மற்ற வீடுகளில் இப்படிக் கண் எரிந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இந்த வீட்டில் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

கடைசியில் அவளுடைய தம்பிதான் அந்தப் பழைய சைக்கிள் கடையைச் சொன்னான். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன், அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. வெள்ளிக்கிழமை வெல்டர் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேருமாகப் போனார்கள். காற்றடிக்கிற மாதம் அது. தெருப் புழுதியெல்லாம் எழுந்து நின்று வரவேற்றது. கடைக்காரர் பழைய சைக்கிள் மணிகளைக் கயிற்றில் கோத்து வாசலில் கட்டியிருந்தார். காற்றில் அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. பெல்லுக்காரர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியுமாம்.

கையிலிருந்ததற்குள் அடங்குகிற மாதிரி மூன்று சைக்கிள்களை எடுத்து வெயிலில் நிறுத்தினார் பெல்லுக்காரர். ஒன்று கறுப்பு, பழங்காலத்துக் கனம், தூக்கி ஸ்டாண்டு போடவே ஒரு ஆள் வேண்டும். ஒன்று நீலம், மெலிந்த உடம்பு, பளபளவென்று புது மாதிரியே இருந்தது. மூன்றாவது வெளிறிப்போன அரக்கு நிறம். நடுத்தண்டு தாழ்ந்து வளைந்த பெண்கள் சைக்கிள், பின்னால் அகலமான கேரியர்.

தம்பிக்கு நீலத்தின் மேல் ஒரே கண். எனக்கே எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது மாமா, பேசாமல் இதை அமுக்குங்கள் என்றான். கறுப்பை ஓட்டிக்கொண்டு போனால் மாமா பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலச் சங்கு ஊதிவிடும் என்றும், அரக்கை ஓட்டிக்கொண்டு போனால் பட்டறையில் சேலை எடுத்துக் கொடுப்பார்கள் என்றும் சொல்லி அவனே சிரித்துக்கொண்டான். பெல்லுக்காரரும் சிரித்தார். வெல்டர் மட்டும் சிரிக்காமல் நீலத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

அவர் சோதிக்கிற விதமே தனி. முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கேயும் கடகடப்பு இல்லை. பெடலைப் பின்னால் சுற்றிச் செயின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தார். அப்புறம் குழாய் குழாயாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். அதெல்லாம் சரிதான். ஆனால் அவள் எதிர்பார்த்தது வேறு. ஒட்டு போட்ட இடம் என்றால் இந்த மனிதர் குனிந்து மூக்கு இடிக்கிற மாதிரிப் பார்க்கிறவர். தெருவில் போகும்போது ஊரார் வீட்டு கேட்டையெல்லாம் நின்று பார்த்து, எவன் அடித்தான் இதை, எச்சில் துப்பி ஒட்டியிருக்கிறான் என்று சொல்லாமல் நகர மாட்டார். அவ்வளவு ஏன், கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை அவள் வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் அவளைப் பார்க்க, இவர் அவள் பின்னால் இருந்த ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பெண் வேண்டுமா ஜன்னல் வேண்டுமா கேட்டுச் சொல்லுங்கள் என்று அவள் சித்தி கேலி செய்தது இன்னும் ஓயவில்லை.

வெல்டருடைய கட்டைவிரல் ஹேண்டில் தண்டுக்குக் கீழே, இரண்டு குழாய்களும் வந்து சேருகிற கக்கத்துக்குப் போயிற்று. தடவியது. தாண்டியது. அவளுக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நீலப் பெயிண்டில் முடியளவு ஒரு கோடு, அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு கசிந்திருந்தது. காஜாவுக்காகத் துணியில் பிளேடு வைத்துக் கீறினது போல நேரான கோடு. முன்னால் எப்போதோ ஒடிந்து, யாரோ ஒட்டு போட்டு, மேலே பூசி மழுப்பிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அது மறுபடியும் வாயைத் திறக்கிறது.

இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். வெல்டர் நேராக அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல ஒட்டு. கம்பெனி வேலை. இதையே எடுத்துக்கலாம்."

தம்ளருக்கு வெளியே போன தண்ணீரும், நிலைப்படியும், மொபெட்டும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. இத்தனையையும் பார்த்துக்கொண்டு என்ன குடித்தனம் நடத்தினேன் நான் என்று தன்னையே வைதுகொண்டாள்.

அந்த சைக்கிள் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்டார். கேரியர் இல்லை என்றாள். சாப்பாட்டுப் பை ஹேண்டிலில் தொங்கும், கேரியர் எதற்கு என்றார். எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். ஓட்டப்போகிறது நானா நீயா என்று அவர் குரல் ஒரு படி ஏறியது. தம்பி நடுவில் புகுந்து, அக்காவுக்கு நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பச்சை அடித்துக் கொடுக்கச் சொல்லலாம் என்றான். அவள் அவனைப் பக்கத்து டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். பெல்லுக்காரர் காற்றடிக்க வந்த வேறு ஆளைக் கவனிக்கப் போயிருந்தார்.

அவள் புருஷனின் கையைப் பிடித்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் தெருவில் வைத்து அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"இங்க பாருங்க."

"பாத்தேனே."

"பாக்கலை. விரலை வைக்காதீங்க, நகத்தை வைங்க."

பொறி பட்டுப் பட்டுக் காய்ந்து தோலாகிப்போன விரல் அது, முடியளவு வெடிப்பு அதற்கு எங்கே தெரியும். அவள் அவருடைய கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டில் கொண்டுபோய் வைத்தாள். நகம் சிக்கியது. வெல்டர் அசையாமல் நின்றார். அப்புறம் தானாகவே நகத்தை மெல்ல ஓட்டிக்கொண்டு கோட்டின் கடைசிவரை போனார். திரும்பி வந்தார். இன்னொரு தடவை போனார். வாசலில் மணிகள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் அவள்.

"டீ வருது," என்றார் அவர்.

டீயைக் குடித்து முடித்ததும் வெல்டர் பெல்லுக்காரரைக் கூப்பிட்டு, அந்த நீலத்தை யாருக்கும் விற்க வேண்டாம், பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தனியாகக் கழன்று போய்விடும், ஆளைக் கொன்றுவிடும் என்று நிதானமாகச் சொன்னார். பெல்லுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு முகம் கறுத்துப் போனார். பெயிண்டோடுதான் என்னிடம் வந்தது, பிள்ளைகள் மேல் சத்தியம் என்றார். அவள் அரக்குச் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இது எங்களுக்கு என்றாள். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த பார்சலுக்குப் போன் வந்துவிட்டதால் விளங்கிக்கொள்ள நேரமும் இல்லாமல் கிளம்பினான்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று பெல்லுக்காரர் சொன்னபோது வெல்டரை முந்திக்கொண்டு அவள் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த துணிகளைச் சைக்கிளிலேயே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள்தான். ஆனால் அதெல்லாம் எந்தக் காலம். சுவரில் ஒரு முறை முட்டினாள், சாக்கடைப் பக்கம் ஒரு முறை போனாள், சந்துமுனைவரை போய்த் திரும்பி வரும்போது ஹேண்டில் நேராகிவிட்டது.

வீட்டுக்கு உருட்டிக்கொண்டே நடந்தார்கள். வழியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு. வெல்டர் அதில் உட்கார்ந்தார். அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

"நேராப் பாத்தா தெரியலை," என்று ஆரம்பித்தார். "எதைப் பாக்கணும்னு பாக்குறனோ அது மட்டும் காணாமப் போயிடுது. சுத்தி எல்லாம் தெரியுது. தொட்டி தெரியுது, ரோடு தெரியுது. நடுவுல மட்டும் யாரோ கட்டைவிரலை வச்சு அழுத்துன மாதிரி ஒரு புகை."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். நடுப்புள்ளி கருகிடுச்சாம். போனது வராதாம். இனிமே நெருப்பைப் பாக்கலைன்னா இருக்கிறது நிக்கலாம்னாங்க."

"எப்பப் போனீங்க?"

"மொபெட்டை விக்கிறதுக்கு முன்னாடி. ஒரு பொம்பளை குறுக்க வந்தது தெரியலை. நூலிழையில தப்பிச்சுது."

அப்படியானால் ஒரு வருஷம். பார்க்காதே என்று சொன்னதற்கப்புறமும் ஒரு வருஷம் இந்த மனிதர் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது, சாதாரணக் கோபம் இல்லை. வாய்க்கு வந்தபடி வைதாள். வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன், கறி நறுக்கவா என்று கேட்டாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். படிப்பு முடியட்டும் என்று நினைத்தேன், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று நினைத்தேன் என்றார். அதற்கு மேல் அவளுக்கும் வைய முடியவில்லை.

"என் மூஞ்சி?" என்று கேட்டாள்.

"காது தெரியுது. தோடு தெரியுது. நீ சிரிக்கிறியா அழுவுறியான்னு குரலை வச்சுத்தான்."

"அன்னிக்கும் ஜன்னலைத்தான் பாத்தீங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. குரலை வைத்து அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

கண் தெரியாமல் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று அப்புறம் கேட்டாள். சத்தத்தை வைத்து என்றார். வெல்டிங் ராடு சரியாகப் பிடித்து எரிந்தால் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும், தவறினால் வெடிக்கும். கிரைண்டிங்காரருக்கு விஷயம் தெரியும். இவர் போட்ட ஒட்டில் ஏதாவது கோணல்மாணலாக இருந்தால் அவர் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிடுவார். வெளியே பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

அவள் அரக்குச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனம் அந்த நீலச் சைக்கிளிலேயே இருந்தது. சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அவர் பெருமையாகச் சொன்னார், புதுப் பள்ளிக்கூடத்தின் மாடி வராந்தாவுக்குக் கைப்பிடிக் கம்பி எங்கள் பட்டறைதான் செய்கிறது என்று.

"ஏங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக் கைப்பிடி?"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாதி நான் அடிச்சது."

"பிடிச்சிருக்கா?"

"தெரியலை."

"பள்ளிக்கூடம் எப்பத் திறக்குது?"

"திங்கக்கிழமை."

இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் எப்படி ஓடிவந்து கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நிமிஷம், உள்ளதைச் சொன்னால் ஒரு நிமிஷத்துக்கும் மேலேயே, பேசாமல் இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஒன்றும் ஆகாது, எல்லாம் பிடித்துத்தான் இருக்கும். மகள் படிப்பை முடித்துவிடுவாள். தொண்டைவரை வந்த அந்தப் பேச்சை விழுங்கிவிட்டாள். அவர் நகம் அந்தக் கோட்டில் இரண்டு தடவை போய் வந்தது கண்ணை விட்டு மறையவில்லை.

"சொன்னா வேலை போயிடும்," என்றார் அவர்.

"போகும்," என்றாள் அவள். "நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். சொல்லிடுங்க."

மறுநாள் காலையில் அவள் பழைய கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தாள். வழக்கமாகத் தரையில்தான் வைப்பாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஏறுங்கள் என்றாள். வெல்டர் தெருவை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். தெருவும் அவரைப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். வெட்கத்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டு அவர் கேரியரில் ஒருச்சாய்த்து உட்கார்ந்தார், பெண்கள் உட்காருகிற மாதிரி. சைக்கிள் நாலு முழம் வளைந்து நெளிந்து போய்ப் பிறகு நேரானது.

பாலம்வரை சமாளித்துவிட்டாள். பாலத்து ஏற்றத்தில் எதிர்க்காற்று மார்பில் கை வைத்துத் தள்ளியது. இறங்கி உருட்ட வேண்டியிருந்தது. பின்னாலிருந்து அவர், லாரி வருகிறது, கனமான லாரி, ஓரம் போ என்று சொல்லுவார். அவள் திரும்பிப் பார்த்தால் லாரி அப்போதுதான் தூரத்தில் வளைவில் தெரியும். கண் விட்டதைக் காது எடுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வெயில் ஏறிவிட்டது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது அவளுக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். கேரியரில் வந்திறங்கிய வெல்டரைப் பார்த்து, என்ன, டிரைவர் வைத்துக்கொண்டீர்களா என்று சிரித்தார். வெல்டர் சிரிக்கவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றார். அவள் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டாள். அது அவர் சொல்ல வேண்டியது.

"முதலாளி, எனக்குக் கண்ணு போயிடுச்சு. ஒரு வருஷமாச்சு. நான் அடிச்ச பள்ளிக்கூடத்துக் கைப்பிடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி பாக்கணும். கையால ஆட்டிப் பாத்தா தெரியாது. சுத்தியல் வச்சு ஒவ்வொண்ணாத் தட்டணும். நான் வரேன், சத்தத்துல சொல்லிடுவேன்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த கிரைண்டிங் மெஷின் நின்றது. முதலாளி முகத்தில் சிரிப்பு வடிந்து, கோபம் வந்து, அதுவும் போய், பயம் வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டார். வேனை எடுக்கச் சொன்னார். முதலாளி, வெல்டர், கிரைண்டிங்காரர் மூன்று பேரும் ஏறிக்கொண்டு போனார்கள். போகும்போது முதலாளி அவளைப் பார்த்து, உள்ளே நிழலில் உட்காரம்மா என்றார்.

அவள் கொட்டகைக்குள் ஒரு கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரை வெயிலில் படபடத்தது. அரைகுறையாக நின்ற ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இதில் எது அவர் போட்ட ஒட்டு என்று. தெரியவில்லை. எல்லாமே மழமழவென்றுதான் இருந்தது. நேற்றுவரை அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், இப்போது ஒரு ஒட்டும் விட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வேன் திரும்பி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கிரைண்டிங்காரர்தான் முதலில் அவளிடம் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. ஒவ்வொரு ஒட்டாகத் தட்டத் தட்ட அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இது நல்லது, இது நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தார் என்றார். மாடி வராந்தா வளைவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாராம்.

"ஒரு தட்டுதான், சத்தம் செத்து விழுந்துச்சு. இனிமே தட்ட வேணாம்னு சொன்னாரு அக்கா. கையை வச்சு இழுங்கன்னாரு. இழுத்தோம். கையோட வந்துடுச்சு." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "நான்தான் அதைத் தேச்சுப் பளபளன்னு ஆக்கினேன்."

அங்கேயே வேறு ஆளை வரவழைத்து ஒட்டிவிட்டார்களாம். பக்கத்திலிருந்த இரண்டு ஒட்டுக்கும் மேல் ஒட்டு போட்டாகிவிட்டதாம். முதலாளி திரும்பி வந்து மேஜையருகில் கொஞ்ச நேரம் நின்றார். திட்டுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் திட்டவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு, கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். வெல்டர், சரி முதலாளி என்றார். இருபது வருஷம் அவ்வளவு பேச்சில் முடிந்துவிட்டது.

கிரைண்டிங்காரர் ஆணியில் தொங்கிய வெல்டருடைய முகமூடியை எடுத்துக்கொண்டு வந்து, இதைக் கேரியரில் கட்டித் தரட்டுமா அக்கா என்று கேட்டார்.

"அங்க அவர் உக்காரணும்," என்றாள் அவள்.

திரும்பும்போது காற்று முதுகுக்கு வந்திருந்தது. ஆனாலும் பாலத்து ஏற்றத்தில் இறங்கத்தான் வேண்டியிருந்தது. அவள் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, அவர் பின்னாலிருந்து கேரியரைப் பிடித்துத் தள்ளினார். இனி என்ன செய்வது என்று இரண்டு பேருமே பேசவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது, சட்டை மூட்டையை இன்னும் ஒன்று கூடுதலாகக் கேட்டால் கொடுப்பார்களா என்று அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காஜாவுக்குக் கீறித்தருவது அவரால் ஆகாது. தைத்ததை மடிப்பார், பட்டன் எண்ணிப் போடுவார், மூட்டை கட்டுவார். இந்தச் சைக்கிளில் இரண்டு மூட்டை வைக்கலாம். பயம் இருந்தது. பயமே இல்லை என்று சொன்னால் பொய்.

"அந்த நீல சைக்கிள்ல வெடிப்பு எவ்வளவு நீளம் இருந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

"உங்க நகத்தளவு."

"நகத்தளவுதான்," என்றார் அவர்.

உச்சிக்கு வந்ததும் அவள் சீட்டில் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டாள். அவர் ஒருச்சாய்த்து ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் தானாகவே இறங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் வெட்டவெளி சாயங்கால வெயிலில் கிடந்தது.

"இப்படி உக்காந்தா தெரியுது," என்றார் அவர் பின்னாலிருந்து.

"என்ன தெரியுது?"

"நீ. அங்க வெட்டவெளியைப் பாத்துட்டு இருக்கேன். ஓரத்துல உன் கன்னம் தெரியுது, வேர்த்திருக்கிறது தெரியுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கும் அப்படித்தான். ஜன்னலைப் பாத்தேன்னு எல்லாரும் சொன்னீங்க. எனக்கு நேராப் பாக்க வெக்கமா இருந்துச்சு. ஓரத்துலதான் பாத்தேன்."

அவள் முகத்தைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். இறக்கம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டாள்.